காசு கொடுத்து வந்த வருகை எது, தானாக வந்தது எது? டிராஃபிக்கைச் சேனல்களாகப் பிரிக்கும் வேலை

ஒரு கேம்பெய்ன் முடிந்ததும் அனலிட்டிக்ஸ் ரிப்போர்ட்டைத் திறக்கிறீர்கள். வருகை எங்கிருந்து வந்தது என்ற பட்டியலில் ஃபேஸ்புக் மட்டும் ஆறு வரியில் நிற்கிறது. முதல் எழுத்தைப் பெரிதாக எழுதியது ஒன்று, எல்லாமே சிறிய எழுத்தில் இன்னொன்று, 'எஃப்பி' என்று சுருக்கியது ஒன்று. அப்புறம் மொபைல் தளத்துக்கான 'எம் டாட்' முகவரி; 'எல் டாட்', 'எல்எம் டாட்' என்று தொடங்கும் வேறு இரண்டு. கடைசி இரண்டைப் பார்த்து ஏதோ போலித் தளம் என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். ஃபேஸ்புக்கிலிருந்து வெளியே போகும் லிங்க்குகளைப் பாதுகாப்புக்காகச் சோதித்து அனுப்பும் இடைவழி முகவரிகள்தாம் அவை.

கூட்டத்தில் வரப்போகும் கேள்வி ஒன்றே ஒன்று: விளம்பரத்துக்குப் போட்ட பணம் பலன் கொடுத்ததா? ஆறு வரியையும் கூட்டிச் சொன்னால் அது விடையாகாது. அந்த ஆறுக்குள் பணம் கட்டிய விளம்பரத்தைத் தட்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் போட்ட பதிவைப் பார்த்து வந்தவர்கள் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத யாரோ பகிர்ந்ததைப் பார்த்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மூன்று பேரும் வந்த இடம் ஒன்று. ஆனால் முதல் ஆளுக்கு நாம் பணம் செலவழித்தோம், இரண்டாவது ஆளுக்கு உழைப்பைச் செலவழித்தோம், மூன்றாவது ஆளுக்கு எதுவுமே செய்யவில்லை.

சேனல் என்ற பிரிவு தேவைப்படுவது இங்கேதான். சோர்ஸ் என்பது அனலிட்டிக்ஸ் கருவி பதிந்து தருவது. வருகை எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும். அந்த வருகைக்காக நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்வது சேனல். அதை நாம்தான் வகுக்க வேண்டும். பல ரிப்போர்ட்டுகள் குழம்பிக் கிடப்பதற்குக் காரணம், இந்த வகுக்கும் வேலையைக் கருவியே செய்துவிடும் என்று விட்டுவிடுவதுதான்.

வருகை தன் ஊரைச் சொல்லும் விதம்

ஒரு வருகை எங்கிருந்து வந்தது என்று தெரிய இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, பிரவுசரே சொல்வது. ஒரு பக்கத்திலிருந்து லிங்க்கைத் தட்டி இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, 'இந்த இடத்திலிருந்து வருகிறேன்' என்ற குறிப்பைப் பிரவுசர் அனுப்பும். அதற்குப் பெயர் ரெஃபரர். 1996-இல் வெளியான எச்டிடிபி ஆவணத்தில் அந்தச் சொல்லை ஓர் எழுத்து குறைத்துத் தப்பாக எழுதிவிட்டார்கள். அந்தத் தப்பு இன்று வரை அப்படியே புழக்கத்தில் இருக்கிறது.

இந்தக் குறிப்பு வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. 2011-இல் கூகுள் தன் தேடலை மறையாக்க இணைப்புக்கு மாற்றத் தொடங்கியதிலிருந்து, வந்தவர் என்ன சொல்லைத் தேடி வந்தார் என்பது மெல்ல மறைந்தது. 2020-இல் குரோம் பிரவுசர் தன் இயல்பு அமைப்பை மாற்றியபின், வேறொரு தளத்திலிருந்து வருபவரைப் பற்றித் தளத்தின் பெயர் மட்டும்தான் கிடைக்கிறது. அந்தத் தளத்தின் எந்தப் பக்கம் என்பது கிடைப்பதில்லை.

இரண்டாவது வழி, லிங்க்கின் வாலில் நாமே எழுதி அனுப்புவது. அதுதான் யூடிஎம் டேக். பெயரில் உள்ள 'யூ' என்பது அர்ச்சின் என்ற சொல்லின் முதல் எழுத்து. அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005-இல் கூகுள் வாங்கி, அதே ஆண்டு அதைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்று வெளியிட்டது. நிறுவனத்தின் பெயர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. உலகம் முழுக்க அனுப்பப்படும் கேம்பெய்ன் லிங்க்குகளின் வாலில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன், டெர்ம், கன்டென்ட் என்று ஐந்து கட்டங்கள் பழையவை. சேனல் பிரிப்பில் முதல் இரண்டுக்கும்தான் அதிக வேலை. சோர்ஸ் என்பது இடம், மீடியம் என்பது வந்த விதம். ஃபேஸ்புக் என்பது சோர்ஸ்; அங்கே பணம் கட்டி வந்ததா, சும்மா வந்ததா என்பது மீடியம்.

இவை தவிர, விளம்பரத் தளங்கள் தாங்களே ஓர் அடையாள எண்ணை லிங்க்கில் சேர்க்கும். கூகுள் விளம்பரத்தில் அது தானாக நடக்கும். ஆப்பிள் 2023-இல் வெளியிட்ட ஐஓஎஸ் 17-இலிருந்து, மெயிலிலும் மெசேஜிலும் சஃபாரியின் தனிப்பட்ட உலாவலிலும் இப்படிப்பட்ட அடையாள எண்கள் கழற்றப்படுகின்றன. யூடிஎம்-ஐ அது தொடுவதில்லை. அடையாள எண் இருக்கிறதே என்று யூடிஎம் போடாமல் விடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கருவியின் விதிப்புத்தகம்

கூகுள் அனலிட்டிக்ஸின் இன்றைய பதிப்பான ஜிஏ4 தன்னிடம் ஓர் இயல்புச் சேனல் பட்டியலை வைத்திருக்கிறது. ஆர்கானிக் சர்ச், பெய்டு சர்ச், ஆர்கானிக் சோஷியல், பெய்டு சோஷியல், ஈமெயில், டிஸ்ப்ளே, அஃபிலியேட்ஸ், ரெஃபரல், டைரக்ட் என்று நீளும். ஆர்கானிக் என்றால் பணம் கட்டாமல் வந்தது, பெய்டு என்றால் பணம் கட்டி வந்தது, ரெஃபரல் என்றால் வேறொரு தளத்தின் லிங்க் வழியாக வந்தது. எதிலும் அடங்காதது 'அன்அசைன்ட்' என்ற பெட்டிக்குள் போகும். இந்தப் பெட்டிகளுக்குள் வருகையைத் தள்ளுவது வெறும் எழுத்துப் பொருத்தம். லிங்க் போட்டவரின் எண்ணம் என்ன என்று அதற்குத் தெரியாது. எழுத்து பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும்.

ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரே ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு இரண்டு பேர் லிங்க் தயாரிக்கிறார்கள். சோர்ஸ் இருவருக்கும் 'ஃபேஸ்புக்'. மீடியத்தில் ஒருவர் 'பெய்டு-சோஷியல்' என்று எழுதுகிறார். மற்றவர் 'சோஷியல்-பெய்டு' என்று எழுதுகிறார். படிக்கும் மனிதருக்கு இரண்டும் ஒன்று. ஜிஏ4-இன் விதியோ, மீடியம் 'பெய்டு' என்று தொடங்கினால்தான் அதைப் பணம் கட்டிய வருகை என்று எடுத்துக்கொள்ளும். 'சிபி' (cp) என்ற இரண்டு எழுத்து எங்கேயாவது இருந்தாலும் சரி, 'பிபிசி' (ppc) என்றோ 'ரீடார்கெட்டிங்' என்றோ இருந்தாலும் சரி. 'சோஷியல்-பெய்டு' இதில் எதிலும் சேரவில்லை. அப்போது விதி அடுத்த படிக்கு இறங்குகிறது: சோர்ஸ் ஒரு சமூக ஊடகத் தளமா? ஆம், ஃபேஸ்புக். சரி, ஆர்கானிக் சோஷியல்.

பணம் கட்டி வாங்கிய கிளிக் எல்லாம் இலவச வருகையாக எழுதப்பட்டுவிட்டது. எந்த எச்சரிக்கையும் வராது. அன்அசைன்ட் பெட்டிக்குள் போயிருந்தாலாவது யாராவது பார்த்துக் கேட்டிருப்பார்கள். இது அழகாக ஒரு சரியான பெயருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

கணக்கில் இதன் விளைவைப் பாருங்கள். விளம்பரச் செலவு 9,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 வருகை வந்தது. அதில் 400-க்கு முதல் டேக், 500-க்கு இரண்டாவது டேக். ஒரு வருகைக்கு உண்மையில் ஆன செலவு 10. ரிப்போர்ட்டில் பெய்டு சோஷியலுக்கு எதிரே 400 வருகைதான் இருக்கும். 9,000-ஐ 400-ஆல் வகுத்தால் 22.50. விளம்பரம் இரண்டு மடங்குக்கு மேல் விலை கூடியதாகத் தெரிகிறது. பக்கத்து வரியில் ஆர்கானிக் சோஷியல் 500 கூடியிருக்கிறது. பார்க்கிறவர் என்ன முடிவெடுப்பார்? விளம்பரத்தைக் குறைத்துவிட்டு, பதிவுகள் போடுவதைக் கூட்டச் சொல்வார். அடுத்த மாதம் இரண்டுமே படுத்துவிடும். அதற்கு ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ரிப்போர்ட்டில் பிழை என்று எங்கேயும் எழுதியிருக்காது.

ஈமெயிலிலும் இதே கதைதான். மீடியத்தில் 'ஈமெயில்' என்று எழுதினால் ஈமெயில் சேனல். சோர்ஸ், மீடியம் இரண்டிலும் 'நியூஸ்லெட்டர்' என்று எழுதினால் கருவிக்குப் புரியாது, அன்அசைன்ட்.

முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2023 ஜூலை 1 முதல் தரவு சேகரிப்பதை நிறுத்தத் தொடங்கிய பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸின் இயல்புப் பட்டியலில் பெய்டு சோஷியல் என்ற தனிச் சேனலே கிடையாது. பழைய எக்செல் கோப்பில் இருக்கும் 'சோஷியல்' என்ற எண்ணையும் இன்றைய 'ஆர்கானிக் சோஷியல்' எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டால், அது இரண்டு வேறு பொருள்களை ஒரு கோட்டால் இணைப்பதாகும்.

சேனல் எத்தனை, எதற்கு

கருவி கொடுத்த பட்டியலை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பேன். கேம்பெய்ன்கள் பெருகியபின் சொந்தமாக ஒரு சேனல் குழு தேவைப்படும். எதைத் தனிச் சேனலாக்குவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்த எண் பாதியாகக் குறைந்தால், யாராவது ஒருவர் அதை விசாரிக்க வேண்டியவராக இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் இல்லையென்றால் அது தனிச் சேனலாக இருக்க வேண்டியதில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு சேனலுக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். முப்பது சேனல் வைத்திருந்தால் மறுபடியும் சோர்ஸ் பட்டியலைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

பிரித்தே ஆக வேண்டியவை சில உண்டு. பெய்டு சர்ச்சில் நம் பிராண்டின் பெயரையே தேடி வந்தவர்களும், பொருளின் பொதுப் பெயரைத் தேடி வந்தவர்களும் ஒரே வரியில் இருக்கக் கூடாது. முதல் வகையினர் ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர்கள். வாசல் எங்கே என்றுதான் தேடுகிறார்கள். அவர்கள் வாங்கும் விகிதம் எப்போதும் நன்றாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால், பொதுச் சொற்களுக்குப் போடும் பணம் சரியாக வேலை செய்யாததைப் பிராண்ட் தேடல் மூடி மறைத்துவிடும். கேம்பெய்ன் பெயரிலேயே பிராண்ட் என்று ஒரு சொல்லை வைத்துவிட்டால், அதை வைத்துச் சேனல் விதி எழுதலாம். ஆர்கானிக் சர்ச்சில் இப்படிப் பிரிக்க அனலிட்டிக்ஸில் வழியில்லை. தேடிய சொல் மறைந்துவிட்டதால், அதற்குக் கூகுளின் தேடல் ரிப்போர்ட்டுகளைத் தரும் சர்ச் கன்சோலுக்குத்தான் போக வேண்டும்.

ஈமெயிலிலும், எல்லோருக்கும் போகும் வாராந்தர மடலும், கூடையில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவருக்கு மட்டும் போகும் நினைவூட்டலும் வேறுவேறு. இரண்டாவது மடலைப் பெறுபவர் ஏற்கெனவே பாதி தூரம் வந்தவர். டிஸ்ப்ளே விளம்பரத்தில் புதியவர்களைத் தேடுவதற்கும், ஏற்கெனவே வந்தவரைத் துரத்திப் போகும் ரீடார்கெட்டிங்குக்கும் இதே வேறுபாடுதான்.

விதிகளை எழுதும்போது வரிசையில் கவனம் வேண்டும். சேனல் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும்; முதலில் பொருந்தியது எதுவோ அதுவே அந்த வருகையின் சேனல். பெய்டு சர்ச் என்ற பொது விதி மேலேயும் பிராண்ட் தேடல் கீழேயும் இருந்தால், பிராண்ட் தேடலுக்கு ஒரு வருகைகூட வந்து சேராது. குறுகலானது மேலே, அகலமானது கீழே.

டைரக்ட் என்ற பெட்டி

டைரக்ட் என்றால் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்து வந்தவர்கள் என்று பலர் விளக்குகிறார்கள். பாதிதான் சரி. ரெஃபரரும் இல்லை, டேகும் இல்லை என்றால் கருவி வைக்கும் பெயர் டைரக்ட். தட்டச்சு செய்தவர், புக்மார்க்கிலிருந்து வந்தவர் இவர்களோடு, வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய லிங்க்கைத் தட்டியவர், பிடிஎஃப் கோப்பில் இருந்த லிங்க்கைத் தட்டியவர், கணினியில் நிறுவிய மெயில் செயலியிலிருந்து வந்தவர், லிங்க் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்படும்போது வழியில் டேக் உதிர்ந்துபோனவர் எல்லோரும் அதே பெட்டியில்தான் இருக்கிறார்கள்.

உண்மையான டைரக்ட் எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. ஆனால் மோப்பம் பிடிக்கலாம். டைரக்ட் வருகைகள் முதலில் இறங்கிய பக்கங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். முகப்புப் பக்கம் என்றால் நம்பலாம். பல சொற்களைக் கோடு போட்டு இணைத்த ஒரு கட்டுரையின் முகவரியை யாரும் கையால் தட்டச்சு செய்ய மாட்டார்கள். அங்கே இறங்கிய டைரக்ட் வருகை பெரும்பாலும் எங்கேயோ பகிரப்பட்ட லிங்க். அப்புறம் நேரத்தைப் பாருங்கள். மடல் அனுப்பியது காலை 10 மணி, டைரக்ட் உயரத் தொடங்கியதும் 10 மணி என்றால், அந்த மடலில் டேக் இல்லாத லிங்க் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது லோகோவுக்குப் பின்னால் இருக்கும். பொத்தானுக்கு டேக் போட்டவர்கள் லோகோவை மறந்திருப்பார்கள்.

டைரக்டில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கூகுள் அனலிட்டிக்ஸ் பொதுவாக டைரக்டுக்குக் கடைசி இடம்தான் தரும். ஒருவர் நேற்று விளம்பரம் வழியாக வந்து, இன்று நேராக வந்து வாங்கினால், அந்த விற்பனை விளம்பரத்தின் பெயரில் எழுதப்படும். அதனால் ரிப்போர்ட்டில் டைரக்ட் பெரிதாகத் தெரிந்தால், பழைய தடம் எதுவும் கிடைக்காதவர்கள் அவ்வளவு பேர் என்று அர்த்தம். குக்கீயை அழித்தவர், போனில் பார்த்துவிட்டுக் கணினியில் வாங்கியவர் எல்லாம் இதில் அடக்கம்.

உள்ளேயே நடக்கும் கசிவுகள்

நான் கவனித்துவந்த ஒரு கணக்கில், விளம்பரங்கள் எதுவுமே விற்பனை தரவில்லை என்று மூன்று வாரம் பேசிக்கொண்டிருந்தோம். விற்பனை முழுவதும் 'ஹோம்-பேனர்' என்ற சோர்ஸில் குவிந்திருந்தது. முகப்புப் பக்கத்தில் இருந்த தள்ளுபடிப் பேனருக்கு எத்தனை கிளிக் வருகிறது என்று பார்ப்பதற்காக யாரோ நல்ல எண்ணத்தோடு யூடிஎம் போட்டிருந்தார்கள். விளம்பரம் வழியாக வந்தவர் பேனரைத் தட்டிய நொடியில், பெயர்ப்பலகை பேனருக்கு மாறிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு விளம்பரத்தை நிறுத்தியும்விட்டோம். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. தளத்துக்கு உள்ளே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்கில் யூடிஎம் போடவே கூடாது. உள் கிளிக்கை எண்ண, தளத்துக்குள் நடக்கும் செயல்களைப் பதியும் ஈவென்ட் இருக்கிறது.

பணம் செலுத்தும் தளத்துக்குப் போய்த் திரும்பி வருபவர் விஷயமும் இதுபோலத்தான். கவனிக்காவிட்டால் பேமென்ட் கேட்வேதான் உங்கள் மிகச் சிறந்த ரெஃபரல் என்று ரிப்போர்ட் சொல்லும். விலக்க வேண்டிய ரெஃபரல் பட்டியலில் அதைச் சேர்த்தால் தீர்ந்தது.

பெயர் வைப்பதில் ஒழுங்கு

இவ்வளவுக்கும் மருந்து ஒரு சாதாரண ஷீட். லிங்க் தயாரிப்பவர் எவராக இருந்தாலும் அந்த ஷீட்டில்தான் தயாரிக்க வேண்டும்; சோர்ஸும் மீடியமும் கையால் எழுதும் கட்டமாக இல்லாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கட்டமாக இருக்க வேண்டும். எல்லாம் சிறிய எழுத்து. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஒரே வகைக் கோடு. புதிய மீடியம் வேண்டுமென்றால் ஒருவரைக் கேட்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்சியிடம் வேலை கொடுத்திருந்தால் அவர்களுக்கும் இதே ஷீட்தான்.

லிங்க்கை அனுப்பும் முன் ஒருமுறை நாமே தட்டி, ரியல்டைம் ரிப்போர்ட்டில் சரியான பெயரில் விழுகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஈமெயில் கருவியும் சுருக்கு லிங்க்கும் டேகை விழுங்குகின்றனவா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சொந்தச் சேனல் குழுவின் விதியை ஜிஏ4-இல் மாற்றினால், பழைய நாட்களின் எண்களும் புதிய விதிப்படி மாறித் தெரியும். இது வசதியும்தான், ஆபத்தும்தான். சென்ற காலாண்டில் மேலிடத்துக்குக் கொடுத்த எண் இன்று திறந்தால் வேறாக இருக்கும். அதனால் எந்தத் தேதியில் எந்த விதியை ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். தரவைக் கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியில் வைத்திருப்பவர்கள் சோர்ஸ், மீடியம் இரண்டையும் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, சேனலைத் தனி அட்டவணையில் வைத்துப் பொருத்துவது நல்லது. மூலம் கெடாமல் இருந்தால் பிரிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம்.

வாரத்துக்கு ஒருமுறை அன்அசைன்ட் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். புதிய சேனல் பிறப்பது பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். சாட்ஜிபிடி தரும் லிங்க்குகளில் அதன் பெயர் சோர்ஸாக ஒட்டியே வருகிறது, ஆனால் மீடியம் இருப்பதில்லை. ஆகவே அதே சோர்ஸின் வருகை ரெஃபரலில் கொஞ்சமும் அன்அசைன்டில் கொஞ்சமுமாகச் சிதறிக் கிடப்பதைப் பார்த்தேன். ஏஐ உதவியாளர்கள் என்று ஒரு சேனலை உருவாக்கி, சாட்ஜிபிடி, பெர்ப்ளெக்சிட்டி, ஜெமினி, கோபைலட் போன்ற சோர்ஸ்களை ஒரு ரீஜெக்ஸில் (பல பெயர்களை ஒரே வரியில் பொருத்திப் பார்க்கும் எழுத்து விதி) அடுக்கி, அதை ரெஃபரலுக்கு மேலே வைத்தால் பெரும்பகுதி ஒரே இடத்துக்கு வந்துவிடும். கூகுளின் தேடல் பக்கத்திலேயே மேலே வரும் ஏஐ சுருக்கத்திலிருந்து வருபவர்கள் மட்டும் இதில் சிக்க மாட்டார்கள். அவர்கள் கூகுள், ஆர்கானிக் என்ற பழைய பெயரிலேயே வருகிறார்கள். எனவே அந்தச் சேனலின் எண்ணை மேலே அனுப்பும்போது, ஏஐ வழியாக வந்த மொத்த வருகை இது இல்லை என்று அதன் கீழேயே ஒரு வரி சேர்த்துத்தான் நான் அனுப்புகிறேன்.